கிருமி வளராத சிறுநீர்

ஊரார் கழித்துவிட்டு மறந்துபோகிற ஒன்றை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தேவைப்பட்டால் மோந்தும் பார்த்து, அதற்கு ஒரு பெயர் எழுதிக் கொடுப்பதுதான் என் தொழில்.

சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லேப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தேன். படித்துப் பட்டம் வாங்கி வந்தவன் இல்லை. கண்ணாடிக் குழாய் கழுவச் சேர்ந்து, பழைய புத்தகங்களை எழுத்துக்கூட்டிப் படித்து, தட்டில் கிருமி வளர்க்கக் கற்றுக்கொண்டவன். இதே வேலையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு காலம் தள்ளியவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் கூட்டிச் சொல்லவில்லை என்று உங்களுக்கே தெரியும். மற்றவர்கள் காபியைக் குடித்து முடித்துவிட்டுப் படிக்கவும்.

சம்படம்

கிருமிப் பரிசோதனைக்கு நாங்களே ஒரு கப் தருவோம். சிவப்பு மூடி போட்டது, கிருமி நீக்கி சீல் வைத்தது. நேராக அதில்தான் பிடிக்க வேண்டும், சீக்கிரம் கொண்டுவர வேண்டும், வேறு எதிலும் பிடித்து ஊற்றக் கூடாது. இதை வாயால் சொல்வேன், பெரிய எழுத்தில் எழுதிச் சுவரிலும் ஒட்டியிருந்தேன். அந்தத் தாளுக்குக் கீழேயே நின்றுகொண்டு ஊறுகாய் பாட்டிலை நீட்டுவார்கள். இருமல் மருந்து பாட்டிலில் வரும். சர்பத் பாட்டிலில் வரும், அதே நிறத்தில்.

சொந்தமாக நாலு லாரி ஓட்டுகிற ஒரு முதலாளி, எவர்சில்வர் சம்படத்தில் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். மூடியில் பெயர் வெட்டியிருந்தது. இது பரிசோதனைக்கு ஆகாது, கப்பில் பிடித்து வாருங்கள் என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து சொன்னார்: "டெஸ்ட் பண்ணுனாப் பண்ணுங்க, பண்ணாட்டிப் போங்க. சம்படத்த மட்டும் நல்லாக் கழுவிக் குடுத்துருங்க அண்ணாச்சி, மருமகளுக்குச் சீருல வந்தது."

சீழ் உண்டு, கிருமி இல்லை

முத்துராஜ், எம். புதுப்பட்டி ஊர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். எந்த அறையில் எத்தனை பேர் உட்காரலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்று பார்ப்பது அவர் வேலை. அத்தனை பேர் உயிருக்கும் பொறுப்பு. தன் உடம்பைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டார். பல வருஷமாகச் சர்க்கரை. அந்த வருஷம் புரட்டாசியில், நீர் சொட்டுச் சொட்டாகப் போகிறது, எரிகிறது, சாயங்காலமானால் குளிரும் காய்ச்சலும் தூக்கிப் போடுகிறது என்று வந்தார். அதையும் அவர் சொல்லவில்லை. பின்னால் நின்ற அவர் சம்சாரம் பேச்சியம்மாதான் சொன்னாள்.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மூத்திரப்பையின் கீழே நெல்லிக்காய் அளவில் இருக்கிற ஒரு சுரப்பி. வயதானால் வீங்கி வழியை அடைக்கும். அது ஊரில் பாதிப் பேருக்கு உள்ளது. எப்போதாவது ஒருவருக்கு அதற்குள் கிருமி புகுந்து சீழ் கட்டிக்கொள்ளும். எந்தக் கிருமி என்று தெரிந்து, அதற்குரிய ஊசியைப் போடாவிட்டால் ஆள் பிழைக்க மாட்டார். முத்துராஜுக்கு இதில் எது என்று சொல்ல வேண்டியவன் நான்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், தீபாவளிக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்டு மாதிரிச் சீழ் அணுக்கள். சரி, ஆள் சிக்கிவிட்டான் என்று தட்டில் பரப்பிச் சூட்டுப் பெட்டியில் வைத்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன், இல்லை. மூன்றாம் தடவையும் இல்லை. கிருமியைக் கொல்கிற மாத்திரை ஏதாவது தின்றுவிட்டு வந்தீர்களா என்று கேட்டேன், தொடவே இல்லை என்றார். இரண்டு நாளில் ரிப்போர்ட் எழுதிவிட்டாலும் தட்டுகளை ஒரு வாரம் தூக்கிப் போடாமல் வைத்திருப்பேன். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். ஒரு வாரமும் மொட்டைத் தட்டுதான். சீழ் இவ்வளவு இருந்தும் கிருமி எங்கே போனது என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் "வளர்ச்சி இல்லை" என்று மூன்று தடவை அழகான கையெழுத்தில் எழுதினேன்.

வியாழக்கிழமைதோறும் மதுரையிலிருந்து வருகிற சிறுநீரக டாக்டர் அந்த மூன்று தாளையும் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துப் பார்த்தார். சீழ் அணு என்று எழுதியிருந்த வரிக்கு அவர் கண் போகவே இல்லை. "மூணு தடவையும் கிருமி இல்லேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்ப இது வயசான வீக்கம்தான், அடுத்த வியாழக்கிழமை சுரண்டிரலாம்."

மூன்றாம் நாள்

தட்டுகளை ஏன் ஒரு வாரம் வைக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள்தான் சட்டம். பெட்டி சிறியது, கேஸ் நிறைய. இரண்டாம் நாள் ரிப்போர்ட் எழுதித் தட்டைக் கழுவப் போட்டுவிட வேண்டும். நானும் வருஷக் கணக்கில் அப்படித்தான் செய்தேன். என் வீட்டுக்காரிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து காய்ச்சல் கண்டபோது அவள் ரத்தத்தையும் நானே வளர்க்க வைத்தேன். இரண்டாம் நாள் பார்த்தேன், இல்லை என்று எழுதினேன், கழுவப் போட்டேன். ஐந்தாம் நாள் அவள் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் அதில் ஏதாவது முளைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. நான் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் பக்கம் நின்றபோது அவள் சொன்னது மட்டும் தெரியும்: "ஒண்ணுமில்லேன்னு நீங்களே எழுதிட்டீகள்ல, அப்புறம் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக?"

ஜாடி

முத்துராஜுக்கு ஆபரேஷன் நடந்தது. வயிற்றைக் கிழிக்கிற வேலை இல்லை. நீர் வருகிற வழியாகவே குழாயை விட்டுச் சுரப்பியைத் துண்டு துண்டாகச் சுரண்டி எடுப்பார்கள். துண்டுகளோடு மஞ்சளாக என்னவோ வழிந்து வந்தது என்று தியேட்டர் நர்ஸ் என்னிடம் சொன்னாள். அதில் ஒரு சொட்டு என் தட்டுக்கு வந்திருந்தால் போதும். வந்தது மறுநாள், ஒரு ஜாடியில், பார்மலினில் மிதந்துகொண்டு. பார்மலின் என்பது பிணத்தைக் கெடாமல் வைக்கிற தண்ணீர். அதில் போட்ட சதையில் புற்றுநோய் உண்டா என்று பார்க்கலாம். கிருமி ஒன்றுகூட உயிரோடு இருக்காது. ஜாடியில் கட்டியிருந்த சீட்டில் "கிருமி வளர்த்துப் பார்க்கவும்" என்று எழுதியிருந்தது.

ஜாடியை மேனேஜரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்னால் அச்சாபீஸில் காலண்டர் ஆர்டர் பிடித்துக்கொண்டிருந்தவர். கொன்று கொண்டுவந்து போட்டுவிட்டு இது யார் என்று கேட்டால் நான் என்ன சொல்ல, என்று கேட்டேன். அவர் ஜாடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு என் பக்கமே நகர்த்தினார். "அதெல்லாம் எனக்குத் தெரியாது அண்ணாச்சி. ஆர்டர்னு வந்துட்டா டெலிவரி குடுக்கணும்."

இருக்கன்குடியில் கிடைக்காதது

காய்ச்சல் நிற்கவில்லை. வார்டில் ஊசியை மாற்றி மாற்றிப் போட்டார்கள். எந்தக் கிருமிக்கு என்று கேட்க அங்கே ஆள் இல்லை. கூட்டத்தைப் பார்த்துக் கல் எறிகிற வைத்தியம். ஒரு நாள் காய்ச்சல் தணியும், எல்லாரும் ஊசியைப் புகழ்வார்கள். மறுநாள் ஏறும், சர்க்கரையைத் திட்டுவார்கள். ஊசி மருந்து உடம்பில் ஓடும்போது எடுத்த நீரை வைத்த தட்டிலும் ஒன்றும் வரவில்லை.

பேச்சியம்மா இருக்கன்குடிக்குப் போனாள். நோவு கண்ட உறுப்பைத் தகட்டில் வாங்கி மாரியம்மனுக்குப் போடுவது அங்கே வழக்கம். கண், கை, கால், வயிறு என்று கடையில் வரிசையாகத் தொங்கும். இவளுக்கு வேண்டிய உறுப்புக்குத் தகடு அடிக்கிற ஆசாரி இன்னும் பிறக்கவில்லை. எதை வாங்கிப் போட்டாய் என்று கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள்: "அந்த எடத்துக்குத் தகடு கெடையாதுன்னுட்டான். இவுகளுக்குக் கால்லயும் ஒரு புண்ணு ரொம்ப நாளா ஆறாமக் கெடக்குல்ல, சரின்னு காலு தகட்ட வாங்கிப் போட்டுட்டு வந்துட்டேன்."

தண்ணீர் வாளி

காய்ச்சல் பாதி இறங்கியதும், நீர்க் குழாயும் பையுமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படுத்து எழுந்திருக்கச் சொன்னால் மனிதர் மூன்றாம் நாளே கம்பெனிக்குப் போய்விட்டார். சீசன் முடிகிற நேரம், கடைசி லோடு ஏறிக்கொண்டிருந்தது. வேட்டிக்குள் தொடையில் பையைக் கட்டிக்கொண்டு அறை அறையாக நடந்திருக்கிறார். குழாயை எடுக்க வந்த அன்றைக்கு வெட்கமில்லாமல் சொல்கிறார். உமக்குப் பைத்தியமா, சீழ் வைத்துச் சாகப் போகிறீர் என்று கத்தினேன். அவர் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசிப் பார்த்திராத எனக்கு, அன்றைக்குத்தான் அவருக்கு வாய் இருப்பது தெரிந்தது. "ஒவ்வொரு ஷெட்டு வாசல்லயும் வாளியில தண்ணி இருக்கணும்னு ரூல் இருக்கு அண்ணாச்சி. நான் கையோட கட்டிக்கிட்டே போயிட்டேன், எந்த ஆபீசரு வந்தாலும் பயமில்ல."

வெள்ளை டப்பா

தீபாவளி முடிந்து அடைமழை. முத்துராஜ் மறுபடி குளிர் காய்ச்சலோடு வந்தார். இந்தத் தடவை கன்னம் ஒட்டி, சட்டை ஆளை விட்டுத் தள்ளித் தொங்கியது. நாலாவது கப் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் காலையில் ஜன்னல் வழியாகத் தற்செயலாகப் பார்க்கிறேன். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் குழாயடியில், ரோட்டுக்கு முதுகைக் காட்டிக் குத்தவைத்து, ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து என்னுடைய சிவப்பு மூடிக் கப்பில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றி, மூடியைத் திருகி, கையைக் கழுவி, ஒன்றும் தெரியாதவர் மாதிரி உள்ளே வந்து நீட்டினார். அந்த டப்பாவை எடும் என்றேன். பைக்குள் கை போகத் தயங்கியது. நானே எடுத்தேன்.

லேபிள் பாதி கிழிந்திருந்தது. மீதியில் போரிக் ஆசிட் என்று இருந்தது. கேரம் பலகையில் தூவுவோமே, அந்த வெள்ளைப் பவுடர். அலுமினியப் பவுடர் ஈரத்தில் சூடாகிவிடாமலிருக்கப் பட்டாசுக் கம்பெனியில் அதைக் கலப்பார்கள். டப்பா மூலையில் இன்னும் விரல் கனத்துக்கு ஒட்டியிருந்தது. கொஞ்சமாகச் சேர்ந்தால் சிறுநீர் கெடாமல் இருக்கும், பெரிய லேப்புகளில் அதற்காகவே அளந்து போடுவதும் உண்டு. இந்த அளவுக்குச் சேர்ந்தால் எந்தக் கிருமியும் தட்டில் தலை தூக்காது. இதை அவரிடமும் சொன்னேன். நாலு தடவையும் இதிலேதானா என்று கேட்டேன், ஆமாம் என்றார். அலசினீரா என்றேன், புண்ணுக்கே போடுகிற பவுடர்தானே, அதைவிடச் சுத்தம் ஏது என்றார். ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்மலினில் கொன்றார்கள், நோயாளி போரிக்கில் கொன்றார், நான் நடுவில் உட்கார்ந்து இறப்புச் சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கப்பிலேயே பிடிக்க என்ன கேடு என்று கேட்டதற்கு, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "செவப்பு மூடிக் கப்போட பஸ்ஸுல ஏறுனா, போர்மேனுக்கு அந்த எடத்துல வியாதின்னு நாரணாபுரம் வரைக்கும் பேசிருவானுக. கெமிக்கல் டப்பாவ இந்த ஊர்ல எவன் திரும்பிப் பாப்பான்?"

தூசிக்குப் பேர்

லேப் பாத்ரூமிலேயே நிறுத்தி வாங்கினேன். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் ஊசி முனை அளவில் புள்ளிகள். மேனேஜர் ரிப்போர்ட் கேட்டு ஆள் அனுப்பினார், பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று திருப்பி அனுப்பினேன். மூன்றாம் நாள் புள்ளிகள் விரிந்து, காய்ந்து, மோர்மிளகாய்த் தோல் மாதிரிச் சுருங்கிக் கிடந்தன. எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கத் தட்டில் மருந்து வில்லைகள் வைப்பேன்; முரட்டு மருந்து என்று எல்லாரும் நம்புகிற ஜென்டாமைசின் வில்லையை ஒட்டியே வளர்ந்திருந்தன. இந்தச் சுருங்கின முகத்தை முன்பும் ஒன்றிரண்டு தடவை பார்த்திருக்கிறேன். மழைக் காலத்துத் தூசி விழுந்துவிட்டது என்று எழுதித் தூக்கிப் போட்டும் இருக்கிறேன்.

பழைய புத்தகத்தைப் பிரித்தேன். மெலியாய்டோசிஸ் என்று போட்டிருந்தது. ஈர மண்ணிலும் தேங்கின தண்ணீரிலும் இருக்கிற கிருமி, சர்க்கரை உள்ளவர்களைத் தேடிப் பிடிக்கும், புராஸ்டேட்டில் குழி தோண்டிச் சீழ் வைக்கும், சரியான ஊசி போடாவிட்டால் கொல்லும். தட்டை மோந்து பார்க்கக் கூடாது என்று தடித்த எழுத்தில் எச்சரிக்கை. வாழ்க்கையில் முதல் தடவையாக மூக்கைத் தள்ளி வைத்துக்கொண்டு, தட்டைச் சுற்றி டேப் ஒட்டி, மதுரையில் பெரிய லேப்புக்கு அனுப்ப மேனேஜரிடம் கையெழுத்துக் கேட்டேன். பேனாவைத் திறக்காமலே பேசினார்: "மூணாம் நாள் மொளைச்சா அது தூசிதான் அண்ணாச்சி. தூசிக்கெல்லாம் பேர் வச்சுக்கிட்டிருந்தா அப்புறம் எவன் நம்ம ஆஸ்பத்திரிக்கு வருவான்?"

அன்றைக்கே சந்தேகம்

கையெழுத்து இல்லாமல் நானே பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மதுரையில் அதே பெயரைத்தான் சொன்னார்கள். டாக்டருக்குப் போன் செய்தேன். ஸ்கேன் எடுத்தார்கள். சுரண்டி எடுத்ததில் மிச்சமிருந்த சுரப்பிக்குள் எலுமிச்சம்பழம் அளவுக்குச் சீழ். இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் ரத்தத்தில் ஏறியிருக்கும் என்றார்கள். மதுரையிலேயே சேர்த்து, சீழை எடுத்து, அந்தக் கிருமிக்கென்று உள்ள ஊசியை வாரக் கணக்கில் ஏற்றினார்கள். பிறகு மாதக் கணக்கில் மாத்திரை.

டாக்டர் எனக்கு ஒரு நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் வார்டு வாசலில் என்னைப் பார்த்து நின்றபோது, ஏதோ சொல்லப் போகிறார் என்று சட்டையைச் சரிசெய்துகொண்டேன். "ஆபரேஷன் அன்னைக்கே எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு, நீங்க ரிப்போர்ட் ஒழுங்காக் குடுத்திருந்தா அப்பவே முடிச்சிருக்கலாம்."

கால்

கட்டிலில் முத்துராஜின் போர்வை விலகியிருந்தது. பாதத்தில் ஆறாத புண். பட்டாசு ஷெட்டுக்குள் செருப்போடு போகக் கூடாது, உரசித் தீப்பொறி வந்துவிடும். உள்ளே வெறுங்காலோடு போகிறவர்கள் வெளியிலும் அப்படியே திரிவார்கள். புரட்டாசி மழையில் ஷெட்டைச் சுற்றித் தண்ணீர் கட்டிக்கொண்டது, புண்ணோடு அதில் இறங்கி நின்று மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டிவிட்டாராம். காய்ச்சல் வந்தது அதற்கப்புறம்தான். யாராவது கேட்டோமா? டாக்டர் கேட்கவில்லை, நான் கேட்கவில்லை. எல்லாரும் அவர் இடுப்புக்குக் கீழே ஓர் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம், பாதம் வரைக்கும் யாருடைய பார்வையும் இறங்கவில்லை.

ஷெட்டுக்குள் வெறுங்கால் சரி, வெளியே ரப்பர் பூட்ஸ் போடச் சொல் என்று பேச்சியம்மாவிடம் விளக்கினேன். கிருமி காலில் நுழைந்த கதையை அவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். நான் முடித்ததும், எனக்காகப் பரிதாபப்படுகிற குரலில் சொன்னாள்: "அப்ப ஆத்தாளுக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்கு அண்ணாச்சி. ஒங்களுக்குத்தேன் அம்புட்டு மிஷினு வச்சும் தெரியல."

கடைசிக் கப்

மாத்திரை முடிந்து கடைசிப் பரிசோதனை. கிருமி அடங்கிவிட்டதா, இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிறதா என்று இதில்தான் தெரியும். முத்துராஜ் வந்தார். கன்னத்தில் சதை, காலில் ரப்பர் பூட்ஸ். கையில் சிவப்பு மூடிக் கப், பைக்குள் இல்லை, எல்லாரும் பார்க்க வெளியே. பஸ்ஸில் இதைக் கையில் பிடித்தபடியே வந்தேன், ஒரு பயலும் ஒன்றும் கேட்கவில்லை என்றார். எனக்கே கொஞ்சம் மனசு நெகிழ்ந்துவிட்டது. கப்பை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அடியில் மாவு மாதிரி வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

முத்துராஜ், இது என்ன என்று கேட்டேன். அவர் முகத்தில் நன்றாகப் படிக்கிற பிள்ளையின் பெருமை. "நீங்கதானே சொன்னீக, கொஞ்சமாப் போட்டா கெடாம இருக்கும்னு. பஸ்ஸு லேட்டாயிருமேன்னு ரெண்டு சிட்டிகைதேன் போட்டேன் அண்ணாச்சி."

புதுக் கப்பைக் கொடுத்து, பாத்ரூமுக்குள் தள்ளி, வெளியே வரும்வரை கதவோரம் காவல் நின்று வாங்கி, முழுசாக ஏழு நாள் வைத்துப் பார்த்துவிட்டு எழுதிய அந்த ஒரு "வளர்ச்சி இல்லை"யைத் தவிர, இத்தனை வருஷம் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததில் வேறு எதற்கும் என்னை யாரும் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம்.